பெயிண்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கரடுமுரடான பாதையில ஓட்டற கேம்பர் வேனோட ஃபைபர்கிளாஸ் கூரை. எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு எழுதின மாதிரி இருக்கு. அதனால பேட்டரி, டயர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்த தடவை முழுக்க கூரை மேலயே ஏறி உக்காந்துட்டேன்.

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது பழைய ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் வேன், மேல உயரமான ஃபைபர்கிளாஸ் கூரை. கையால தடவினா வெள்ளையா பவுடர் ஒட்டுது. முன்பக்க ரெண்டு மூலையிலயும் சிலந்தி வலை மாதிரி விரிசல், லக்கேஜ் ரேக் மாட்டின போல்ட் பக்கத்துல நீளமா ரெண்டு விரிசல். போன வருஷம் ஒரு பெயிண்டர்கிட்ட கொடுத்து பட்டி பாத்து பளபளன்னு அடிச்சு வாங்கினேன், நாலே மாசத்துல அதே இடத்துல அதே விரிசல் திரும்ப வந்துடுச்சு. இந்த தடவை நானே பண்ணலாம்னு இருக்கேன், எந்த பெயிண்ட் வாங்கறது?

பதில்: பெயிண்ட்டை விடுங்க சார், அது கடைசி வேலை. உங்க கூரையில மூணு தனித்தனி வியாதி இருக்கு, உங்க பெயிண்டர் மூணுக்கும் ஒரே மருந்து கொடுத்திருக்கார்.

முதல்ல அந்த வெள்ளைப் பவுடர். ஃபைபர்கிளாஸ்ங்கறது கண்ணாடி நாரும் ரெசின்ங்கற இறுகற பிசினும் சேந்தது, அதுக்கு மேல தோல் மாதிரி ஜெல்கோட்னு ஒண்ணு இருக்கும், சுமாரா அரை மில்லிமீட்டர் கனம்தான், வருஷக்கணக்கா வெயில்ல இருக்கற புற ஊதா கதிர் பட்டுப் பட்டு அதோட மேல் பரப்பு செத்து மாவாகும். பாக்க பயமா இருக்கும் ஆனா மூணுல இதுதான் சாதாரணமானது, தேய்ச்சு எடுத்தா போச்சு.

மூலையில இருக்கற சிலந்தி வலையும் போல்ட் பக்கத்து விரிசலும் வேற கதை. உங்க வேன் பாடி இரும்பு, கூரை ஃபைபர், ரெண்டும் விளிம்புல ஒட்டியிருக்கு. குழியில ஒரு சக்கரம் இறங்கி எதிர்ப்பக்க சக்கரம் மேல தூக்கும்போது சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) முறுக்கிக்கும், ஈரத்துணியைப் பிழியற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவுதான் ஆனா ஒரு பயணத்துல ஆயிரம் தடவை முறுக்குது. அந்த முறுக்கு கூரை நடுவுல தெரியாது, மூலையிலயும், ஹேட்சுக்கு (கூரையில திறந்து மூடற ஜன்னல்) வெட்டின ஓட்டையோட முனையிலயும், போல்ட் துளையிலயும் போய் சேரும். ஜெல்கோட்ல நார் கிடையாது, வெறும் ரெசின், வளைஞ்சா உடையும். பட்டியும் அதே ஜாதிதான், உள்ள நார் இல்லாத மாவு. அதனால நாலு மாசம் தாங்கினதே பெருசு!

இப்ப செய்ய வேண்டியது. உள்பக்க லைனிங்கைக் கழட்டிட்டு மூலைக்கு பின்னாடி ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளியில மட்டும் கோடு இருந்து உள்ள சுத்தமா இருந்தா விரிசல் ஜெல்கோட்டோட நின்னுடுச்சு. உள்ளேயும் வெள்ளைக் கோடு, இல்ல நார் பிரிஞ்ச மாதிரி வெளுப்பு தெரிஞ்சா லேமினேட்டே, அதாவது ஜெல்கோட்டுக்கு கீழ இருக்கற நாரும் ரெசினும் சேந்த அடுக்கே உடைஞ்சிருக்கு. ஒரு காசால கூரை முழுக்க தட்டிக்கிட்டே போங்க, நல்ல இடம் டிக் டிக்னு கேக்கும், அடுக்கு பிரிஞ்ச இடம் தொப் தொப்னு மந்தமா கேக்கும். அந்த இடத்தையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க, மார்க்கர் வேணாம், சில மார்க்கர் மை பெயிண்ட்டுக்கு மேல கசிஞ்சு வரும்.

ஜெல்கோட் விரிசல்னா ஒவ்வொரு கோட்டையும் வி வடிவத்துல அடி வரைக்கும் திறக்கணும், மேலோட்டமா தேய்ச்சா கோடு உள்ளேயே தங்கி திரும்ப எட்டிப் பாக்கும். நெருக்கமா வலை மாதிரி இருந்தா ஒவ்வொண்ணா திறக்கறதுக்கு பொறுமை இருக்காது, அந்த பகுதி ஜெல்கோட்டையே மொத்தமா கிரைண்டர்ல எடுத்துடுங்க, கீழ நார் தெரியற வரைக்கும். லேமினேட் உடைஞ்ச இடத்துல சரிவா தேய்க்கணும், கனத்தோட 12 மடங்கு அகலம்னு கணக்கு. 3 மி.மீ கனம்னா விரிசல்ல இருந்து ரெண்டு பக்கமும் 36 மி.மீ சரிவு. இவ்வளவா தேய்க்கணும்னு எல்லாருமே கேப்பாங்க, ஆமா இவ்வளவு தேய்க்கணும், ஏன்னா புது நார் பழைய நாரைக் கையைக் கோத்துப் பிடிக்கறதுக்கு அந்த சரிவுதான் இடம், சும்மா பள்ளத்துல அடைச்சா அது மூடி, ஒட்டு இல்ல. அப்புறம் பெரிய துண்டு முதல்ல, அதுக்கு மேல சின்னது, அதுக்கு மேல இன்னும் சின்னது. பெருசை முதல்ல வச்சா பழைய நாரோட அதிக இடத்துல ஒட்டும், கடைசியா மட்டம் தேய்க்கும்போதும் அதோட ஓரம் வெட்டுப்படாது.

இதோட நின்னுடாதீங்க. மூலைக்கு உள்பக்கம் இன்னும் ரெண்டு அடுக்கு போடுங்க, ரெண்டோட ஓரமும் ஒரே இடத்துல முடியக் கூடாது, ஒண்ணு ஒண்ணைத் தாண்டி முடியணும். ஒரே கோட்டுல முடிச்சா அந்த கோடு புது மூலையாகி அடுத்த விரிசல் அங்கதான் வரும். ரேக் போல்ட்டுக்கு சின்ன வாஷர்தான் போட்டிருப்பாங்க, பந்தயம் கட்டறேன். அதை எடுத்துட்டு உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு அலுமினியத் தகடு, முனையெல்லாம் உருண்டையா தேய்ச்சது, வச்சு டைட் பண்ணுங்க. இவ்வளவும் பண்ணிட்டு எழுதுங்க, பெயிண்ட் பத்தி அப்ப பேசுவோம். சரி சரி, கீழ இன்னொருத்தர் கேட்டிருக்கார், அங்கேயே பாத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, பாலியெஸ்டர் ரெசினா எபாக்ஸியா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது.

பதில்: பெரும்பாலான கேம்பர் கூரை பாலியெஸ்டர்ல செஞ்சதுதான், ஆனா பழுது பாக்க எபாக்ஸி இன்னும் கெட்டியா ஒட்டும். ஏற்கனவே இறுகிப்போன பாலியெஸ்டர் மேல புது பாலியெஸ்டர் கெமிக்கலா சேராது, சொரசொரப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டறதுதான், அந்த வேலையில எபாக்ஸி கில்லாடி. நான் விரிசல் வேலைன்னா எபாக்ஸி, பெரிய பரப்பா உள்பக்கம் கனம் ஏத்தணும்னா பாலியெஸ்டர். ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க தம்பி, பாலியெஸ்டர் மேல எபாக்ஸி போகலாம், எபாக்ஸி மேல பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ போட்டா சரியா இறுகாம, ஒட்டாம போகலாம். அதனால கடைசியில ஜெல்கோட்தான் வேணும்னா முதல்லயே முடிவு பண்ணிடுங்க, பெயிண்ட்தான்னா கவலையே இல்ல.

துணியிலயும் ஏமாந்துடாதீங்க. வெட்டின நாரை உதிரியா பரப்பி ஒட்டின மேட் இருக்கே, அந்த நாரைச் சேத்துப் பிடிக்கற பசை பாலியெஸ்டர்ல இருக்கற ஸ்டைரீன்ங்கற கெமிக்கல்ல கரையற ரகம். எபாக்ஸியில ஸ்டைரீன் கிடையாது, பசை கரையாது, மேட் விறைச்சுக்கிட்டு மூலையில உக்காரவே மாட்டேங்கும். எபாக்ஸிக்கு நெய்த துணி, இல்ல நூலால தைச்ச ரகம் வாங்குங்க. பாலியெஸ்டர் கணக்கு வேணும்னா, 450 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஒரு அடுக்கு சுமாரா 1 மி.மீ கனம் கொடுக்கும், மேட் எடையைப் போல ரெண்டுல இருந்து ரெண்டரை மடங்கு ரெசின் குடிக்கும்.

ஹார்டனர் (ரெசின்ல கலந்து அதை இறுக வைக்கறது) விஷயத்துல ரெண்டும் நேர் எதிர். பாலியெஸ்டருக்கு எம்.இ.கே.பின்னு ஒரு ஹார்டனர், 100 கிராம் ரெசினுக்கு 1ல இருந்து 2 கிராம், வெயிலுக்கு குறைச்சு குளிருக்கு கூட்டலாம். எபாக்ஸியில அந்த விளையாட்டே கூடாது, டப்பாவுல ரெசின் 5க்கு ஹார்டனர் 1ன்னு போட்டிருந்தா 5க்கு 1தான், ஹார்டனர் கூட ஊத்தினா சீக்கிரம் காயும்னு நினைச்சா காலத்துக்கும் பிசுபிசுன்னே இருக்கும். எம்.இ.கே.பி கண்ணுல ஒரு சொட்டு பட்டாலும் பார்வையே போகலாம், கண்ணாடி போடாம அந்த பாட்டிலைத் தொடாதீங்க. கோபால்ட்டை (இறுகறதை வேகமாக்கறது) தனியா வாங்கற ரகம் ரெசின்னா கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் எம்.இ.கே.பி, ரெண்டையும் நேரடியா சேத்தா தீப்பிடிக்கும், வெடிக்கும்.

நான் பட்டதையும் சொல்லிடறேன். ஒரு தடவை அரை லிட்டருக்கு மேல ஒரே கப்புல கலக்கி வச்சுட்டு ஃபோன்ல பேசிக்கிட்டே நின்னேன், திரும்பிப் பாத்தா கப்பு புகையுது, பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கமா சாயுது. கலந்த ரெசின் மொத்தமா குவிஞ்சு இருந்தா தன் சூட்டுலயே கொதிக்கும். கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க, அகலமான தட்டுல ஊத்தி வைங்க, மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில போடாம வெளியில வச்சு ஆறின அப்புறம் போடுங்க.

கேள்வி: வணக்கம் சார். கூரை ஹேட்ச் பக்கத்துல அழுத்தினா மெத்து மெத்துன்னு இருக்கு. உள்ள தண்ணி சொட்டலை. அப்படியே மேல ரெண்டு அடுக்கு ஃபைபர் போட்டு பெயிண்ட் அடிச்சுடலாமா?

பதில்: வேணாம்மா. சொட்டலைன்னா தண்ணி வரலைன்னு அர்த்தம் இல்ல, வந்த தண்ணி உள்ளேயே குடித்தனம் பண்ணுதுன்னு அர்த்தம். உங்க கூரை சாண்ட்விச் வகையா இருக்கும், ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல ஃபோமோ பிளைவுட்டோ. ஹேட்சுக்கு வெட்டின ஓட்டையோட ஓரத்தை ரெசின் வச்சு மூடாம விட்டிருப்பாங்க, சீலன்ட் (இடுக்கை அடைக்கற பசை) ஒரு இடத்துல விட்டுப்போனதும் அந்த மூடாத ஓரம் வழியா தண்ணி உள்ள ஊறியிருக்கு. மேல மூடினீங்கன்னா ஈரத்தை உள்ள வச்சு பூட்டின மாதிரி, வெயில்ல அது ஆவியாகி புது ஃபைபரை கொப்புளமா தூக்கும்.

ஹேட்சைக் கழட்டுங்க. ஓரத்துல நடுப்பொருள் என்னன்னு தெரியும், ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பிளைவுட் கறுத்து நார்நாரா வந்தா அது போச்சு, காய வச்சு பிரயோஜனம் இல்ல. மேல் தோலை சதுரமா வெட்டி எடுத்து (பத்திரமா வைங்க, திரும்ப ஒட்டலாம்) அழுகினதைச் சுரண்டி, காய வச்சு, புதுசா ஃபோம் ஒட்டி, தோலைத் திரும்ப வச்சு, நான் முதல் பதில்ல சொன்ன சரிவு கணக்குல மேல நார் போடணும். ஈரம் மட்டும்தான், அழுகலைன்னா சின்ன சின்ன துளை போட்டு நாள் கணக்குல காய விடுங்க. அவசரப்படாதீங்க. நான் வாரக்கணக்குல காத்திருந்திருக்கேன்.

திரும்ப மாட்டும்போது ஓட்டை ஓரத்துல நடுப்பொருளை ஒரு விரல் ஆழத்துக்குத் தோண்டி, பவுடர் கலந்து கெட்டியாக்கின எபாக்ஸியால நிரப்பிடுங்க. ஸ்க்ரூ துளைக்கும் அதேதான், பெருசா துளை போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகினதும் நடுவுல சின்னதா துளை. இனி சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணி மரத்தைத் தொடாது. சீலன்ட்டுக்கு பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் நாடா), இல்ல பாலியூரித்தேன். சிலிகான் மட்டும் கூரைப் பக்கமே கொண்டு வராதீங்க, ஏன்னு அடுத்த பதில்ல.

கேள்வி: ஒட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டேன் சார், இப்பவாவது பெயிண்ட் பத்தி சொல்லுவீங்களா? ஸ்ப்ரே நல்லதா ரோலர் நல்லதா?

பதில்: சொல்றேன், ஆனா முதல்ல கழுவணும்! பழைய கூரையில வருஷக்கணக்கா மெழுகு பாலிஷ், சிலிகான், புகை எல்லாம் படிஞ்சிருக்கும். முக்கால்வாசி பேர் நேரா உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுடறாங்க, அப்ப மெழுகு போகாது, தேய்ச்ச கீறலுக்குள்ள போய் உக்காரும். பெயிண்ட் அடிச்சதும் அந்த இடத்துல சின்ன சின்ன வட்டமா பெயிண்ட் விலகி ஓடும், மீன் கண்ணுன்னு சொல்லுவாங்க, சிலிகான் பட்ட இடத்துல இது வந்தே தீரும். அதனால முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் மெழுகு எடுக்கற சால்வென்ட், ஒரு கையில நனைச்ச துணி மறு கையில காஞ்ச துணி, நனைச்சுத் துடைச்சதை காயறதுக்குள்ள காஞ்ச துணியால எடுக்கணும், துணியை அடிக்கடி மாத்தணும். தண்ணி ஊத்திப் பாருங்க, முழுப் பரப்பா விரிஞ்சு ஓடினா சுத்தம், முத்து முத்தா நின்னா இன்னும் மெழுகு இருக்கு. எபாக்ஸி ஒட்டு போட்ட இடத்துல மேல வழவழன்னு ஒரு படலம் வரும், அது தண்ணியில கரையும், தேய்க்கறதுக்கு முன்னாடி தண்ணியும் ஸ்க்ரப்பரும் வச்சு அதையும் கழுவிடுங்க.

ஏற்கனவே யாரோ அடிச்ச பெயிண்ட் இருந்தா ஒரு ஓரத்துல தின்னர் நனைச்ச துணியை கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க, சுருங்கினா கரைஞ்சா அது மொத்தமும் தேய்ச்சு எடுக்க வேண்டியதுதான், இல்லன்னா மேல போடற ரெண்டு பாக பெயிண்ட் (பெயிண்ட் தனி, ஹார்டனர் தனி, கலந்து அடிக்கறது) அதைச் சுருட்டிடும். இரும்புக்கு விக்கற பெயிண்ட் ரிமூவரை ஊத்தாதீங்க, ஜெல்கோட்டையும் சேத்து சாப்பிட்டுடும்.

தேய்க்கறது: ஒட்டு போட்ட இடம் 80 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 120, 180. மத்த இடம் 180 போதும். ஊசித்துளை இருந்தா பிரைமர் மூடும்னு நம்பாதீங்க, மூடாது, ஓரத்துல எட்டிப் பாக்கும், மெல்லிசா எபாக்ஸி ஃபில்லரை பிளேடால இழுத்து அழுத்தி நிரப்புங்க. அதுக்கு மேல எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், காஞ்சதும் 240, 320. கண்ணாடித் தூசு தோல்ல ஏறினா ராத்திரி தூக்கம் வராது, முழுக்கை சட்டை, தூசு மாஸ்க் கண்டிப்பா, அந்த துணியை வீட்டுத் துணியோட சேத்து துவைக்காதீங்க.

மேல் கோட்டுக்கு ரெண்டு பாக பாலியூரித்தேன், படகுக்கு அடிக்கற ரகம் கிடைச்சா ரொம்ப நல்லது, வெயிலைத் தாங்கும். ஸ்ப்ரேயா ரோலரான்னா, வீட்டுல பண்றவங்களுக்கு கண்ணை மூடிக்கிட்டு ரோலர்னு சொல்லுவேன். அந்த பெயிண்ட்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கற கெமிக்கல் இருக்கு, ஸ்ப்ரே பண்ணும்போது அது பனி மாதிரி மூச்சுக்குள்ள போகும், ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். வெளியில இருந்து காத்து வர்ற மாஸ்க் இருக்கற பட்டறைக்காரங்க செய்யற வேலை அது. ரோலர்ல பனி கிளம்பாது, இருந்தாலும் காத்தோட்டம், கையுறை, ஆவிக்கான மாஸ்க் வேணும். சால்வென்ட் தாங்கற ஃபோம் ரோலரா பாத்து வாங்குங்க, சாதாரண ஃபோம் கரைஞ்சு கூரையில ஒட்டிக்கும் (ஆமா, பட்டிருக்கேன்). மெல்லிசா உருட்டி, உடனே நல்ல பிரஷ் நுனியால லேசா தடவி விட்டா குமிழி உடைஞ்சு மட்டமாகும். மெல்லிசா ரெண்டு மூணு கோட், ரெண்டு கோட்டுக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு டப்பாவுல இருக்கறதுதான் சட்டம். சுட்டெரிக்கற வெயில்ல அடிச்சா ரோலர் இழுக்கும், சாயங்காலம் அடிச்சா ராத்திரி பனி விழுந்து பளபளப்பு செத்துடும், அதனால நிழல்ல காலையில பனி காஞ்சதும் ஆரம்பிங்க.

கேள்வி: மேட் பிளாக் அடிச்சா கெத்தா இருக்குமே சார்?

பதில்: இருக்கும், உள்ள படுக்க முடியாது. அதை விட பெரிய சங்கடம், கறுப்பு வெயில்ல சூடாகி பாலியெஸ்டர் ரெசின் இளக ஆரம்பிக்கற பக்கம் போயிடும், அப்ப உள்ள இருக்கற நாரோட தடம் மேல வரிவரியா தெரியும், நீங்க போட்ட ஒட்டும் வட்டமா காட்டிக் கொடுத்துடும். கூரை வெள்ளை. கெத்து வேணும்னா பக்கவாட்டுல, பம்பர்ல அடிச்சுக்கோங்க.

கேள்வி: பிக்கப் வண்டி தொட்டிக்கு அடிக்கற ரப்பர் மாதிரி கெட்டிக் கோட்டிங் அடிச்சா விரிசலே தெரியாதாமே?

பதில்: தெரியாது, அதுதான் பிரச்சினை. அடியில விரிசல் வளந்துக்கிட்டே இருக்கும், உங்களுக்கு தெரியற அன்னைக்கு தண்ணி உள்ள வந்திருக்கும். திரும்ப பழுது பாக்கணும்னா அதைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள கை விட்டுப்போயிடும். மரக்கிளை உரசற ஓரத்துல மட்டும், அடியில எல்லாம் சரி பண்ணிட்டு அடிச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு பேசாம தகரக் கூரை போட்டுக்கலாமா அண்ணே?

பதில்: கோவம் புரியுது. ஆனா உச்சியில எடை ஏறினா சரிவுல போகும்போது வண்டி சாயற பயம் கூடும், ஆஃப் ரோடு ஓட்டறவங்களுக்கு அது விளையாட்டு இல்ல. தகரம் துரு பிடிக்கும், ஃபைபர் பிடிக்காது. இதை மட்டமான பொருள்னு நினைக்காதீங்க, 1953ல வந்த செவ்ரலே கார்வெட் காரோட முழு பாடியே ஃபைபர்கிளாஸ்தான். சரியா ஒட்டினா ஒட்டின இடம் பக்கத்து இடத்தை விட கெட்டியா நிக்கும்.

கேள்வி: பெயிண்ட் அடிச்சு ரெண்டு நாள் ஆச்சு, கையில ஒட்டலை. மேல ஏறி சோலார் பேனல் மாட்டலாமா?

பதில்: கையில ஒட்டாம இருக்கறது வேற, முழுசா இறுகறது வேற. டப்பாவுல முழு இறுக்கத்துக்கு எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள் பொறுங்க, பெரும்பாலும் ஒரு வாரம் கிட்ட வரும், குளிர்னா இன்னும் கூட. மாஸ்கிங் டேப் இன்னும் ஒட்டியிருந்தா அதை மட்டும் இன்னைக்கே மெதுவா பின்பக்கமா மடிச்சு எடுத்துடுங்க, அது கடைசி கோட் பாதி காஞ்சப்பவே எடுத்திருக்க வேண்டியது, ஓரம் பிஞ்சு வந்தா பிளேடால கோடு போட்டுக்கிட்டு எடுங்க. ஏறும்போது நேரா கால் வைக்காம ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, கீழ பழைய போர்வை விரிச்சு, அது மேல முட்டி போட்டு வேலை பாருங்க. ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க, அடியில மாட்டின ஒரு சின்ன கல்லு போதும் புது பெயிண்ட்டுல கோலம் போட.